ஈஸ்ட் ஹாமில் ஓட்டுப் போட்ட இந்திய பாஸ்போர்ட்

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் ரயில் நிலையத்தில் படியேறி வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த். இன்று 2024 ஜூலை 4, வியாழக்கிழமை. பிரிட்டன் முழுவதும் நாடாளுமன்றத் தேர்தல். தெருவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கொடி, தோரணம், ஒலிபெருக்கி எதுவும் இல்லை. விடுமுறையும் கிடையாது. சரவண பவனில் காலை இட்லிக்கு ஆள் உட்கார்ந்திருக்கிறது. மகாலட்சுமி கோவில் வாசலில் செருப்புகள். காய்கறிக் கடையின் வெளித்தட்டில் முருங்கைக்காய், வாழைப்பூ, கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை. வேலைக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனை நோக்கி வேகமாக நடக்கிறார்கள். சட்டையில் சிவப்பு ரோஜாப் பட்டை குத்திய ஒருவர் கையில் பட்டியலோடு தெருமுனையில் நிற்பதை உற்றுப் பார்த்தால்தான் இன்று தேர்தல் என்பது தெரியும்.

நான் இந்தியக் குடிமகள். விருத்தாசலத்திலிருந்து முதுகலை படிக்க வந்தவள். மாணவர் விசாவில் இருக்கிறேன். இந்த நாட்டில் நான் தங்குவதற்குக் கடைசித் தேதி ஒன்று அச்சிட்டே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் இன்று எனக்கு இங்கே ஓட்டு உண்டு.

ஏப்ரல் 19 அன்று தமிழகம் முழுவதும் மக்களவைத் தேர்தல் நடந்தபோது எனக்கு ஓட்டுப் போட வழியில்லை. அம்மா விரலில் மை வைத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். "நீ இங்க இருந்திருந்தா நம்ம வீட்ல நாலு ஓட்டு" என்று அதன் கீழே எழுதியிருந்தார். பிறந்த ஊரில் ஓட்டுப் போட முடியாதவள், படிக்க வந்த ஊரில் போடுகிறேன். இது எப்படி வந்தது, இதை நான் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதைக் காலால் நடந்தே யோசித்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

பென்சிலும் கறுப்புப் பெட்டியும்

என் வாக்குச்சாவடி நான் இருக்கும் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு சர்ச்சின் ஹாலில். காலை 7 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவார்கள். வாசலில் போலீஸ் இல்லை, வரிசை இல்லை. முன்னால் ஒருவர் தன் நாயைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போகிறார், யாரும் தடுக்கவில்லை. நம்மூரில் கட்சிக்காரர்கள் சாவடிக்கு எட்டத்தில் மேசை போட்டுப் பூத் சிலிப் எழுதிக் கொடுப்பார்கள். இங்கே வாசலுக்கு வெளியே கட்சிப் பட்டை குத்தியவர் நின்று, என் வாக்காளர் எண்ணைச் சொல்ல விருப்பமா என்று கேட்டார். தங்கள் ஆதரவாளர்களில் யார் இன்னும் வரவில்லை என்று கணக்குப் பார்க்கத்தான். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

உள்ளே ஒரு மடக்கு மேசை. ஹிஜாப் அணிந்த இளம்பெண் ஒருவர் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2022 தேர்தல் சட்டத்துக்குப் பிறகு இங்கே புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். நாடாளுமன்றப் பொதுத்தேர்தலில் அது நடைமுறைக்கு வருவது இதுதான் முதல் முறை. ஏற்றுக்கொள்ளப்படும் அட்டைகளின் பட்டியலில் காமன்வெல்த் நாடுகளின் பாஸ்போர்ட்டும் இருக்கிறது. நான்முகச் சிங்கம் பொறித்த என் பாஸ்போர்ட்டை நீட்டினேன். படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பெயரையும் முகவரியையும் வாய்விட்டுப் படித்தார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அதனால் விருத்தாசலத்தில் பஸ் ஏறி வேலைக்குப் போய்வரும் என் அப்பாவின் பெயர் ஈஸ்ட் ஹாம் சர்ச் ஹாலில் உரக்கக் கேட்டது. பட்டியலில் என் பெயருக்கு நேராக ஒரு கோடு கிழித்து, வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வாக்குச்சீட்டு என்றால் நிஜமாகவே காகிதச் சீட்டு. வேட்பாளர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் சிறிய முத்திரை. மறைப்புத் தட்டிக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில் தொங்குகிறது. வேண்டியவருக்கு நேராக ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். மடித்துக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டேன். பீப் சத்தம் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரியும் ஒப்புகைச் சீட்டு இல்லை, விரலில் மை இல்லை.

யாருக்குப் போட்டேன் என்பது என்னோடு இருக்கட்டும். வெளியே வந்து இடது கை ஆள்காட்டி விரலை ஒரு முறை பார்த்தேன். ஓட்டுப் போட்ட உணர்வு இருந்தது. அடையாளம் மட்டும் இல்லை.

ஓட்டு எங்கிருந்து வந்தது

எங்கள் வீட்டின் பொதுச் சமையலறையை ஐந்து நாட்டுக்காரர்கள் பகிர்ந்துகொள்கிறோம். எனக்கும் நைஜீரியத் தோழிக்கும் ஓட்டு உண்டு. நேபாளத் தம்பிக்கு இல்லை. சீனத் தோழிக்கு இல்லை. ஜெர்மனிக்காரருக்கும் இந்தத் தேர்தலில் இல்லை. எல்லோரும் ஒரே வாடகை கொடுக்கிறோம், ஒரே குழாய்த் தண்ணீர் குடிக்கிறோம். கோடு பிரிக்கும் இடம் பழைய பேரரசின் வரைபடம்.

பேரரசின் குடிகள் அனைவரும் பிரிட்டிஷ் குடிகளாகக் கருதப்பட்ட காலத்தின் மிச்சம் இந்த உரிமை. 1948-ன் பிரிட்டிஷ் தேசியச் சட்டம், விடுதலை பெற்ற நாடுகளின் குடிமக்களையும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற பெயரில் அந்த வட்டத்துக்குள் வைத்துக்கொண்டது. 1983-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், இங்கே சட்டப்படி தங்கியிருக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு உண்டு என்று சொல்கிறது. பிரிட்டனின் காலனியாக இல்லாத மொசாம்பிக் பின்னாளில் காமன்வெல்த்தில் சேர்ந்ததால் அதன் குடிமக்களுக்கும் இங்கே ஓட்டு உண்டு. 2003-ல் வெளியேறிய ஜிம்பாப்வேயின் குடிமக்களுக்கும் அது பறிக்கப்படவில்லை.

இது சரியா என்ற கேள்வி இங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது. குடியுரிமையைப் பற்றி ஆராய்ந்து 2008-ல் லார்ட் கோல்ட்ஸ்மித் கொடுத்த அறிக்கை, ஓட்டுரிமையைப் படிப்படியாகக் குடிமக்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றது. அந்த வாதத்தைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டு படிப்புக்கு வந்தவள் ஐந்தாண்டு ஆட்சியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? முழுநேர மாணவி என்பதால் நான் கவுன்சில் வரிகூடக் கட்டுவதில்லை. இந்த நாட்டவருக்கு இந்தியத் தேர்தலில் ஓட்டு இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

மறுபக்கத்தையும் வைத்துப் பார்க்கிறேன். இந்தத் தேர்தலில் அதிகம் பேசப்பட்டவர்களில் வெளிநாட்டு மாணவர்களான நாங்களும் உண்டு. பிரதமர் ரிஷி சுனக் மே 22 அன்று டவுனிங் ஸ்ட்ரீட் வாசலில் மழையில் நனைந்தபடி தேர்தலை அறிவித்தார். மறுநாளே 2023-ம் ஆண்டின் நிகரக் குடியேற்றம் 6,85,000 என்ற புள்ளிவிவரம் வெளியானது. அந்தக் கணக்கில் மாணவர்களும் அடக்கம். 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான முதுகலை மாணவர்கள் கணவனையோ மனைவியையோ குழந்தையையோ உடன் அழைத்து வர முடியாது. பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 470 பவுண்டிலிருந்து 776 பவுண்டாக ஏறியது. படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் வேலை பார்க்க வழிசெய்யும் கிராஜுவேட் விசாவை வைத்திருப்பதா எடுப்பதா என்று மே மாதம் வரை இழுபறி. அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழு இருக்கட்டும் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. எங்கள் வகுப்பில் நிலத்தை அடகு வைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடனை அடைக்கும் திட்டம் முழுக்க அந்த இரண்டு ஆண்டுகளை நம்பித்தான் இருக்கிறது.

தொலைக்காட்சி விவாதங்களில் இரு பெரிய கட்சிகளின் தலைவர்களும் எண்ணிக்கையைக் குறைப்போம் என்றுதான் பேசினார்கள். அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் ஒருத்திக்கு ஒரு சீட்டும் பென்சிலும் கிடைப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். ஒரு சட்டம் என் வாழ்க்கையை எந்த அளவுக்கு ஆள்கிறதோ அந்த அளவுக்கு அந்தச் சட்டத்தைச் செய்பவரிடம் கணக்குக் கேட்க எனக்கு இடம் வேண்டும். ஆனால் இந்த நியாயத்தில் நின்றால் நேபாளத் தம்பிக்கும் ஓட்டு வேண்டும் என்றுதான் முடியும். எனக்குக் கிடைத்த காரணம் பேரரசு. கிடைக்க வேண்டிய காரணம் இங்கே வாழ்வது. இந்த வேறுபாடு இன்று முழுவதும் என்னோடு நடந்து வந்தது.

கடைக்காரர் சொன்னது

திரும்பி வரும் வழியில் வழக்கமாகப் பால், தயிர் வாங்கும் கடை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். கல்லாவுக்குப் பின்னால் முருகன் படம். பக்கத்திலேயே தபாலில் வந்த வாக்காளர் அட்டையைச் செருகி வைத்திருந்தார்.

"பிள்ளை, வோட் போட்டாச்சே?"

"போட்டுட்டேன் அங்கிள். நீங்க?"

"காலமை ஏழு மணிக்கே போட்டனான். எண்பத்தாறில இஞ்ச வந்தனான். அடுத்த வருசமே எலக்சன். கேஸ் முடியேல்ல, ஒழுங்கான வேலை இல்லை, ஆனா வோட் இருந்தது. கவுன்சிலர் வந்து கதவைத் தட்டி என்ன பிரச்சினை எண்டு கேட்டவர். எங்கட ஊரில ஆர் வந்து கேட்டது?"

இலங்கையும் காமன்வெல்த் நாடு. 1980-களில் கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்து லண்டனில் இறங்கிய ஈழத்தமிழருக்கு இந்தப் பென்சில் குடியுரிமைக்கு முன்பே கைக்கு வந்தது. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் அவர்கள் கோவில் கட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள், கவுன்சிலர் ஆனார்கள். ஓட்டு இல்லாத அகதியின் பேச்சை அரசியல்வாதி கேட்பது இரக்கத்தால். ஓட்டு இருந்ததால் இவர்களிடம் அரசியல்வாதிகள் நேரம் ஒதுக்கிப் பேசினார்கள்.

தயிர் டப்பாவைப் பையில் வைத்தபடி அவர் தொடர்ந்தார். "எங்கட சனம், எங்கட சனம் எண்டு சொல்லுறம். மலையகத்துச் சனத்தின்ர வோட்டைப் பறிக்கேக்க எங்கட பெரியாக்கள் எல்லாரும் ஒண்டா நிண்டு எதிர்க்கேல்ல. அதையும் மறக்கக் கூடாது, பிள்ளை."

பறிப்பு 1948-ல் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய நம் மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், லட்சக்கணக்கானோர், இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் அந்த ஆண்டு நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி அவர்கள் ஓட்டையும் எடுத்தார்கள். அதற்கு முந்தைய 1947 தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள், தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தமிழ்த் தலைமைக்குள்ளேயே இது பிளவை உண்டாக்கியது. தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு மலையகத் தமிழரின் உரிமைப் பறிப்பும் ஒரு காரணம்.

லண்டன் தன் காமன்வெல்த் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே 1948-ல்தான். சில மாத இடைவெளியில் ஒரு நாடாளுமன்றம் வெளியே இருந்தவர்களை உள்ளே சேர்த்தது, இன்னொன்று உள்ளே பிறந்தவர்களை வெளியே தள்ளியது. ஓட்டுரிமை காற்றைப் போல எப்போதும் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு கூட்டம் தங்களுக்குச் சாதகமாக ஓட்டுப் போடாது என்று ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தோன்றிவிட்டால், நீங்கள் இந்த மண்ணைச் சேர்ந்தவர்தானா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

மொத்தமாகக் கேட்கப்படும் ஓட்டு

கடந்த சில வாரங்களாக எங்கள் கதவின் தபால் துவாரம் வழியாக விழுந்த துண்டறிக்கைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் வேட்பாளர் கோவில் வாசலில் மாலையோடு நிற்கிறார். ஒன்றில் மசூதி வாசலில். இன்னொன்றில் தமிழில் "வணக்கம்" என்று தொடங்கி ஆங்கிலத்துக்குப் போகிறது. குப்பை வண்டி எப்போது வரும், வாடகை எவ்வளவு ஏறும், மருத்துவரைப் பார்க்க எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான பிரச்சினைகள். துண்டறிக்கை மட்டும் எங்களைத் தனித்தனி வரிசையில் நிறுத்துகிறது.

நாடு முழுவதும் இதே போக்குதான். ஜூன் கடைசியில் லேபர் கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் கிங்ஸ்பரி சுவாமிநாராயண் கோவிலுக்குப் போனார். மறுநாள் சுனக் நீஸ்டன் கோவிலுக்குப் போனார். இந்து அமைப்புகள் சில சேர்ந்து இந்துக்களுக்கான தேர்தல் அறிக்கை ஒன்றை வெளியிட்டு வேட்பாளர்களிடம் ஒப்புதல் கேட்டன. காசா போரில் கட்சிகளின் நிலைப்பாட்டால் கொதித்துப் போயிருந்த முஸ்லிம்களிடையே, கோரிக்கைப் பட்டியலோடு தனி வாக்குப் பிரசாரம் நடந்தது. சட்டவிரோதமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதைப் பற்றிப் பேசும்போது ஸ்டார்மர் வங்கதேசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட, பக்கத்து டவர் ஹாம்லெட்ஸில் வங்காளிகள் கொந்தளித்தார்கள். அவர் கட்சியின் கவுன்சிலர் ஒருவர் விலகினார்.

ஒரு சமூகம் தன் வலியைத் தேர்தலில் பேசுவதில் தவறே இல்லை. முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர் தன் எம்.பி.யிடம் அதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்? காசாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பதறுகிறவர் ஓட்டுப் போடும்போது அதை மறந்துவிட வேண்டுமா? அது மனசாட்சி. அதை மதிக்கிறேன். நான் ஏற்காதது வேறு. "தமிழர் ஓட்டு", "இந்து ஓட்டு", "முஸ்லிம் ஓட்டு" என்று மொத்தமாகக் கட்டி, நடுவில் ஒருவர் நின்று, இத்தனை ஆயிரம் என் கையில் இருக்கிறது என்று பேரம் பேசுவது. தமிழகத்தில் சாதிச் சங்கங்கள் செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தேர்தலுக்கு முன் மாநாடு, மேடையில் கணக்கு, பிறகு கூட்டணி. அந்தச் சாதியின் கூலித் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் அந்தப் பேரத்தில் என்ன கிடைத்தது என்று பிறகு யாரும் கேட்பதில்லை. கடல் கடந்து வந்தும் அதே வணிகம் என் பெயரில் நடப்பதை அனுமதிக்க எனக்கு விருப்பமில்லை.

ஃபின்ஸ்பரியில் நௌரோஜி

மதியம் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில் ஏறி ஃபாரிங்டனில் இறங்கினேன். ரோஸ்பரி அவென்யூவில் பத்து நிமிட நடை. சிவப்புச் செங்கல்லும் வெளிர்நிறக் கல் அலங்காரமுமாக ஃபின்ஸ்பரி டவுன் ஹால் நிற்கிறது. அருகே நௌரோஜி ஸ்ட்ரீட் என்று பெயர்ப்பலகை. சின்னத் தெரு. ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு கடந்து போனார். பெயர் யாருடையது என்று தெரியுமா என்று கேட்டேன். யாரோ இந்தியர் என்று நினைப்பதாகச் சொன்னார்.

தாதாபாய் நௌரோஜி, பம்பாய் பார்சி. 1892-ல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் லிபரல் கட்சிக்காக நின்று ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பிரதமர் சாலிஸ்பரி, ஆங்கிலேயத் தொகுதி ஒன்று கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நாள் இன்னும் வரவில்லை என்று பேசியிருந்தார். அந்த ஐந்து ஓட்டைப் போட்டவர்கள் இந்தியர்கள் இல்லை. இந்தத் தெருக்களில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள். இந்தியாவின் செல்வம் பிரிட்டனுக்கு வடிந்துபோவதைக் கணக்குப் போட்டுக் காட்டிய மனிதர், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள்ளேயே அதைப் பேச வழிசெய்தது அவர்கள்தான்.

நௌரோஜி 1895-ல் தோற்றார். அதே தேர்தலில், இன்றைய என் தொகுதியிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள பெத்னல் கிரீனில் இன்னொரு பம்பாய் பார்சி வென்றார். மன்சர்ஜி பவுனகிரி, கன்சர்வேட்டிவ் கட்சி, பேரரசின் உறுதியான ஆதரவாளர். 1922-ல் பாட்டர்சீயில் மூன்றாவது பார்சி, ஷாபூர்ஜி சக்லத்வாலா. அவர் கம்யூனிஸ்ட், பேரரசே ஒழிய வேண்டும் என்றவர். ஒரே ஊர், ஒரே மதம், ஒரே மொழி. மூன்று கட்சி, ஒன்றுக்கொன்று நேரெதிரான மூன்று அரசியல். இவர்களில் யார் பார்சிகளின் உண்மையான பிரதிநிதி? கேள்வியே பொருந்தவில்லை. பிறப்பு அவர்களுக்கு ஒரே தொடக்கத்தைத் தந்தது. எங்கே போவது என்பதை அவரவர் முடிவு செய்தார்கள். ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் அந்த உரிமை இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. என் மொழி, என் ஊர், என் உணவு எல்லாம் எனக்குள் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்தேதான் யோசிக்கிறேன். ஆனால் அவற்றின் பெயரால் வேறொருவர் எனக்காக யோசிக்க முடியாது.

இரவு பத்து மணி

பிக் பென் பத்து அடிக்கும்போது எங்கள் சமையலறையில் மடிக்கணினியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். வாக்குப்பதிவு முடிந்த அதே நொடியில் வாக்குக்கணிப்பு வந்தது: லேபர் 410. இரவு முழுக்கக் கையால் எண்ணுகிறார்கள். எண்ணி முடித்தபோது லேபர் 411, கன்சர்வேட்டிவ் 121. லேபருக்குக் கிடைத்த ஓட்டு 33.7 சதவீதம்தான். 14 சதவீதத்துக்கு மேல் பெற்ற ரிஃபார்ம் கட்சிக்கு ஐந்தே இடங்கள். நேபாளத் தம்பி இது என்ன கணக்கு என்று கேட்டான். எனக்கு அது புதிதில்லை. அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற இந்த முறையை இவர்களிடமிருந்துதான் நாம் வாங்கினோம். தமிழகத்தின் 39 தொகுதிகளும் ஒரே கூட்டணிக்குப் போனதை ஒரு மாதம் முன்பு பார்த்தவள் நான். வாக்குப்பதிவு சுமார் 60 சதவீதம். ஏப்ரல் வெயிலில் தமிழகத்தில் பதிவானது கிட்டத்தட்ட 70.

பக்கத்துத் தொகுதியான ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் பௌவில் உமா குமரன் வென்றார். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குக் கிழக்கு லண்டனில் பிறந்தவர். அதே இரவில் பிரிஸ்டலில், தந்தை வழியில் தமிழ் வேர் கொண்ட தங்கம் டெபனேர் கிரீன் கட்சியிடம் தோற்றார். லெஸ்டர் கிழக்கில் ஷிவானி ராஜா கன்சர்வேட்டிவ் கட்சிக்காக வென்றார். லேபரிடமிருந்து அந்தக் கட்சி பறித்த ஒரே தொகுதி அது. இந்திய வம்சாவளியின் முதல் பிரிட்டிஷ் பிரதமர் மறுநாள் காலை பதவி விலகினார். வென்றவர்களிலும் தோற்றவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரருக்கு உமா குமரனின் வெற்றியில் கண் கலங்கியது. எனக்கும் மகிழ்ச்சிதான். இனி அவர் எப்படி ஓட்டளிக்கிறார், குடியேறிகளைப் பற்றிய சட்டம் வரும்போது என்ன பேசுகிறார் என்பதை வைத்து அவரை மதிப்பிடுவதுதான் அவருக்கு நாம் தரும் மரியாதை.

திருப்பூரை நோக்கி ஒரு கேள்வி

இரண்டு வேலைகள் மிச்சமிருப்பதாகப் படுகிறது. முதலாவது நம் நாட்டிடம் கேட்பது. 2010-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு, வேலைக்காகவோ கல்விக்காகவோ வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் வாக்காளராகப் பதியலாம் என்கிறது. ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். 2024-ல் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல், பெரும்பாலும் கேரளத்தினர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. வளைகுடாவில் கட்டடம் கட்டுகிறவரும் இங்கே பகுதிநேர வேலையில் தட்டுக் கழுவிப் படிக்கிறவரும் ஒரு ஓட்டுக்காக விமானம் ஏற முடியுமா? ராணுவத்தினருக்கு மின்னணு வழியில் தபால் வாக்குச்சீட்டு போகிறது. அதையே வெளிநாட்டு வாக்காளருக்கும் விரிக்கத் தயார் என்று தேர்தல் ஆணையம் 2020-லேயே சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. மாற்று ஆளை வைத்து ஓட்டுப் போட வழிசெய்யும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, பிறகு காலாவதியானது. இதை முடித்து வைக்கும்படி நம் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது வேலை நம்மிடமே கேட்பது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டடங்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். ஊருக்குப் போய் ஓட்டுப் போட அவர்களுக்கு விடுப்பும் இல்லை, ரயில் டிக்கெட்டும் இல்லை. அவர்கள் இந்தியக் குடிமக்கள். தமிழகத்தில் வழக்கமாக வசித்தால் அங்கேயே வாக்காளராகப் பதிய சட்டம் ஏற்கெனவே இடம் தருகிறது. ஆனால் அப்படிப் பதிவது என்ற பேச்சு வந்தாலே நம்மிடம் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. தமிழகத்தின் அரசியலே மாறிவிடும், மொழி போய்விடும், மொத்தமாக ஒரு கட்சிக்குப் போடுவார்கள் என்கிறோம். இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட உதவும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் முன்வைத்தபோது கட்சிகள் பல எதிர்த்தன. இயந்திரத்தின் மீதான சந்தேகங்களில் நியாயமும் இருக்கலாம். ஆனால் சொந்த ஊரிலும் முடியாது, வேலை செய்யும் ஊரிலும் கூடாது என்றால் அந்த மனிதர் எங்கேதான் ஓட்டுப் போடுவார்?

மொழியைக் காக்கும் கவலை எனக்கும் உண்டு. அந்தக் கவலையோடுதான் இந்த ஊரில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஈஸ்ட் ஹாமைப் பற்றி வெள்ளைக்காரர்களில் சிலர் சொல்வதும் இதே வார்த்தைகள்தான்: ஊர் மாறிவிட்டது, மொழி மாறிவிட்டது, இவர்கள் மொத்தமாக ஓட்டுப் போடுகிறார்கள். அந்தப் பேச்சு இங்கே என்னைச் சுடுகிறது என்றால், திருப்பூரில் நின்று அதையே நான் சொல்ல முடியாது. ஒடியா பேசுகிறவரின் ஓட்டும் அவருடைய சொந்த ஓட்டு. அதை மொத்தமாகக் கட்டி விற்கும் தரகரைத்தான் எதிர்க்க வேண்டும், ஓட்டுப் போடுகிறவரை அல்ல.

படிப்பு முடிந்து அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு ஊரில் இருப்பேன் என்று நம்புகிறேன். வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்கிறவர்களிடம் என்ன கேட்பது என்பது இப்போதே முடிவாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஓட்டுக்கு என்ன வழி செய்வீர்கள்? நம் ஊரில் உழைக்கும் வெளிமாநிலத்தாரின் ஓட்டுக்கு என்ன வழி செய்வீர்கள்? முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவருக்கு என் ஓட்டு கிடையாது.